மலிவு காரும் நெரிசல் சாலையும்: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

சாலைக் கட்டணம் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். சிங்கப்பூரில் கார் வைத்துக்கொள்வது இத்தனை செலவாக இருப்பது நியாயம்தான், நம் ஊர் நகரங்களும் இந்த வழிக்கு வரவேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

நான் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக்காரன். இங்கே சிங்கப்பூரில், துவாஸ் தொழிற்பேட்டையில் வேலை. அப்பா, அம்மா, நான், தங்கை நாலு பேரும் ஒரே டிவிஎஸ் 50இல் போய் வளர்ந்தோம். மழை வந்தால் அம்மா முந்தானையால் தங்கையை மூடிக்கொள்வார். ஒருமுறை கீரனூர் அருகே மணலில் சறுக்கி விழுந்து தங்கைக்குக் கை முறிந்தது. ஒரு லட்ச ரூபாய்க்கு டாடாவின் நானோ கார் வருகிறது என்றபோது எங்களைப் போன்றவர்களுக்கு விடிவு என்று நினைத்தேன். ஆளாளுக்குக் குறை சொல்லியே அதைக் கொன்றுவிட்டார்கள். இப்போது மலிவான மின்சாரக் கார் என்று பேச்சு வரும்போதும் அதே 'சாலையில் இடம் இல்லை' பாட்டுதான். பணக்காரன் வீட்டில் ரெண்டு கார் நிற்கிறது. அவனிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. ஏழை வாங்கப் போகும்போது மட்டும் இடம் இல்லாமல் போய்விடுமா?

இன்னொன்று. அப்பாவுக்கு வயதாகிவிட்டது. ஊருக்குக் காலையும் மாலையும்தான் பஸ். பழைய கார் ஒன்று வாங்கித் தரலாம் என்றிருக்கிறேன். உங்கள் கணக்கில் இதுவும் தப்பா?

அன்புடன்,
க., ஈசூன்

*

அன்புள்ள தம்பி,

நானோ காரின் கதையே உங்கள் வீட்டைப் போன்ற ஒரு வீட்டிலிருந்து தொடங்கியதுதான். மழையில் நனைந்தபடி ஸ்கூட்டரில் போன ஒரு குடும்பத்தைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது என்று ரத்தன் டாடா பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த அக்கறையை நான் துளியும் சந்தேகப்படவில்லை. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். 2014இல் நடந்த மோதல் சோதனையில் நானோவுக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் நாலு பேர் டிவிஎஸ் 50இல் தொற்றிக்கொண்டு போவதைவிட அந்தத் தகரக் கூரைக்குள் உட்கார்ந்து போவது மேல். இதில் உங்களுக்கும் எனக்கும் சண்டையே இல்லை.

கொன்றுவிட்டார்கள் என்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2008 ஜனவரியில் டெல்லி வாகனக் கண்காட்சியில் அந்தக் காரை வெளியிட்டார்கள். மேற்கு வங்கத்தின் சிங்கூரில் நிலப் பிரச்சினை வந்து தொழிற்சாலை குஜராத்தின் சானந்துக்குப் போனது. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கார் செய்யும் திட்டம். நன்றாக விற்ற ஆண்டில்கூட அதில் மூன்றில் ஒரு பங்கைத் தொடவில்லை. 2018இல் நிறுத்திவிட்டார்கள். என்னைப் போல் சாலை நெரிசலைப் பற்றிப் புலம்பியவர்கள் பேச்சைக் கேட்டு ஒருவரும் வாங்காமல் இருக்கவில்லை. சில கார்கள் தீப்பிடித்த செய்தி பயமுறுத்தியது. சொன்ன விலையும் நிற்கவில்லை. மிக மலிவான கார் என்று பெயர் எடுத்ததே பாதகமாகிவிட்டது என்று டாடாவே பின்னால் சொன்னார். ஒற்றை வைப்பர், சக்கரத்துக்கு மூன்றே நட்டு, பெட்ரோல் ஊற்ற முன்பக்க மூடியைத் தூக்க வேண்டும், பின்பக்கம் திறக்கவே திறக்காது. கடன் வாங்கிக் கார் வாங்குகிற ஒருவர் இதையெல்லாம் பார்க்கத்தான் செய்வார். அதே பணத்துக்குப் பழைய மாருதி 800 கிடைத்தது, வாங்கிக்கொண்டார்கள்.

சரி, நானோ ஜெயித்திருந்தால்? நீங்கள் கேட்பது அதைத்தான்.

நானோவின் நீளம் 3.1 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர். காரில் அதைவிடச் சின்னது கிடைப்பது அரிது. நாலு நானோவை மூக்கோடு வால் ஒட்டி நிறுத்தினால் ஒரு டவுன் பஸ்ஸின் நீளம். அந்த பஸ்ஸில் காலை நேரத்தில் 60 பேருக்கு மேல் போவார்கள். நாலு காரிலும் எல்லா இருக்கையும் நிரம்பினால் 16 பேர். காலை ஒன்பது மணிக்கு அண்ணா சாலையில் எத்தனை காரில் நாலு பேர் இருக்கிறார்கள் என்று அடுத்த முறை போகும்போது பாருங்கள். அதுவும் வண்டிகள் ஓடும்போது ஒட்டிக்கொண்டு ஓட முடியாது, ஒவ்வொன்றுக்கும் முன்னால் இடைவெளி வேண்டும். என்ஜினுக்குப் பதில் பேட்டரி வைத்தால் புகை போகும், அது நல்லதுதான். ஆனால் இடம் அதே இடம்தான்.

காரின் விலையை ஒரு லட்சத்துக்குக் கொண்டுவர முடிந்தது. சாலையின் விலையை யாராலும் குறைக்க முடியாது. நகரத்தில் அரிதான பொருள் அதுதான். அதை இலவசமாகக் கொடுத்துவிட்டுக் காரை மட்டும் மலிவாக்கினால், கார் வாங்கிய குடும்பத்துக்குக் கிடைப்பது நெரிசலில் ஓர் இடம். வாங்க முடியாத குடும்பத்துக்கு அதுவும் இல்லை, அவர்கள் பஸ் அந்தக் கார்களுக்குப் பின்னால் நிற்கும்.

திருச்சி உறையூரில் என் அக்கா இருக்கும் தெருவைச் சொல்கிறேன். வீடுகள் கட்டிய காலத்தில் யாரும் கார் நிறுத்த இடம் விடவில்லை. இன்று வாசலுக்கு வாசல் கார். ஒரு பக்கம் நடைபாதை இருந்தது, அதன் மேல் பாதி டயர் ஏறி நிற்கிறது. முன்பு அந்த வழியாக மினி பஸ் வரும். திருப்பத்தில் நிற்கும் கார்களைத் தாண்ட முடியாமல் கண்டக்டர் இறங்கி வீடு வீடாகக் கதவைத் தட்டுவார். 'யார் வண்டி இது, கொஞ்சம் எடுங்க சார்.' கொஞ்ச நாளில் அந்த மினி பஸ் மெயின் ரோட்டோடு திரும்பிப் போக ஆரம்பித்தது. அக்காவுக்கு முழங்கால் வலி. அவர் இப்போது மெயின் ரோடு வரை நடு ரோட்டில்தான் நடக்கிறார், ஓரத்தில் இடம் இல்லை. அந்தத் தெருவில் கார் வைத்திருப்பவர்கள் யாரும் பெரிய பணக்காரர்கள் இல்லை. எல்லோரும் நல்ல மனிதர்கள். ஒருவர் கார் வாங்கியதில் எந்தத் தப்பும் கிடையாது. ஆனால் எல்லோரும் வாங்கியபோது பஸ் போய்விட்டது. பஸ் போனதால் மிச்சம் இருந்தவர்களும் கடன் வாங்கி வண்டி வாங்குகிறார்கள்.

இது ஒரு தெருவோடு நிற்கும் விஷயமா என்றால் இல்லை. டெல்லியில் நானோவை வெளியிட்ட அதே 2008இல், அதே நகரத்தில், அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை பஸ்ஸுக்கென்று தனித் தடம் திறந்தார்கள். ஆறு கிலோமீட்டர்கூட இல்லை. பஸ்ஸில் போனவர்கள் வேகமாகப் போனார்கள். பக்கத்துத் தடத்தில் கார்கள் தேங்கி நின்றன. பெரும் கூச்சல் எழுந்தது. பஸ் தடத்தில் கார்களையும் விடச் சொல்லி வழக்குப் போட்டார்கள். 2012இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. அப்படியும் 2016இல் அந்தத் தடத்தை இடித்துவிட்டார்கள். அதைத் திட்டமிட்டதில், கட்டியதில் குறைகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் குறையைச் சரிசெய்யும் பேச்சே பெரிதாக எழவில்லை. காரில் இருந்தவர்களின் குரல் பத்திரிகைக்கும் நீதிமன்றத்துக்கும் எட்டியது. பஸ்ஸில் இருந்தவர்களின் குரல் எட்டவில்லை. மலிவு கார் விஷயத்தில் என்னை மிகவும் பயமுறுத்துவது இதுதான் தம்பி. கார் வாங்கிய மறுநாளிலிருந்து ஒருவர் மேம்பாலம் கேட்பார், சாலையை அகலமாக்கக் கேட்பார். பஸ் கேட்கமாட்டார். தமிழ்நாட்டில் 2021இலிருந்து பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது. எத்தனையோ வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு அது கையில் நிற்கும் பணம். கட்டணத்தை எடுத்தாயிற்று, பஸ் நகர வழி மட்டும் விடவில்லை.

இப்போது உங்கள் கேள்வி. பணக்காரனிடம் சொல்லாததை ஏழையிடம் ஏன் சொல்ல வேண்டும்? சொல்லவே கூடாது. முதலில் காசு கட்ட வேண்டியவர் ஏற்கெனவே சாலையில் இருப்பவர்தான். சிங்கப்பூர் செய்ததில் நான் மெச்சுவது இந்த ஒன்றைத்தான். 1975 ஜூனில் நகர மையத்துக்குள் காலையில் நுழையும் கார்களுக்கு ஒரு நாளுக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்தார்கள். நாலு பேர் உட்கார்ந்து வந்தால் கட்டணம் இல்லை. அப்போது இது பணக்கார ஊர் கிடையாது, தனி நாடாகிப் பத்தே வருடம். எம்ஆர்டி ரயில் வர இன்னும் 12 வருடம் இருந்தது. இருந்ததெல்லாம் பஸ், அந்த பஸ்களையும் 1973இல்தான் ஒரே நிறுவனமாகச் சேர்த்திருந்தார்கள். குளுகுளு ரயிலில் உட்கார்ந்துகொண்டு பேசுவது எளிது என்று யாராவது சொன்னால் இந்த வருடக் கணக்கைத்தான் காட்டுவேன். நெரிசலுக்குக் கட்டணம் முதலில் வந்தது, ரயில் பிறகுதான் வந்தது.

ஆனால் அதற்கு அப்புறம் 1990இல் வந்த சிஓஇயை அப்படியே சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லமாட்டேன். பத்து வருடம் கார் வைத்துக்கொள்ளும் உரிமையை ஏலம் விடும் முறை அது. 2023 அக்டோபரில் சின்னக் காருக்கே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. நானோவின் அன்றைய விலை நம் காசில் நாலாயிரம் வெள்ளிகூட வராது. ஏலத்தில் பணம் உள்ளவர்தான் ஜெயிப்பார். மோட்டார் சைக்கிளுக்கான சிஓஇ 2022இல் 10,000 வெள்ளியைத் தாண்டியபோது, பிழைப்புக்கு பைக் ஓட்டுபவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று உங்களுக்குத் தெரியும்.

அதோடு, உங்களுக்குத் துவாஸில் வேலை. காலையில் விரைவுச்சாலையில் லாரியின் பின்னால் உட்கார்ந்து போகும் நம் ஆட்களைத் தினமும் பார்ப்பீர்கள். இருக்கை கிடையாது, பெல்ட் கிடையாது. 2021 ஏப்ரலில் பிஐஇ விரைவுச்சாலையில் அப்படிப் போன லாரி மோதி இரண்டு பேர் இறந்தார்கள். சாலைகளை இவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கும் ஊரில், அந்தச் சாலைகளைப் போடுபவர்கள் இன்னும் சரக்கு ஏற்றும் இடத்தில் உட்கார்ந்து போகிறார்கள். இதைப் பொறுத்துக்கொள்ள எந்தக் காரணமும் எனக்குப் போதவில்லை. அவர்களுக்கு வேண்டியதும் மலிவு கார் இல்லை. பெல்ட் போட்ட இருக்கையுள்ள ஒரு பஸ்.

ஜப்பான்காரர்கள் வேறு வழி பார்த்தார்கள்.  1962இல் வந்த சட்டப்படி, பெரும்பாலான ஊர்களில், நிறுத்த இடம் இருக்கிறது என்று காட்டினால்தான் சாதாரணக் காரைப் பதிவு செய்ய முடியும். தெருவை வீட்டு கராஜாக நினைக்க அங்கே விடவில்லை. இந்த விதி நம் ஊருக்கு வந்தால் உறையூரில் என் அக்காவுக்கு நடைபாதை திரும்பக் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

மலிவான நாலு சக்கர வண்டியே வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே டாடா நிறுவனம் 2005இல் ஏஸ் என்ற சின்ன லாரியைக் கொண்டுவந்தது. நம் ஊரில் அதற்குக் குட்டி யானை என்றால்தான் தெரியும். வாழைத்தார், தண்ணீர் கேன், கல்யாணப் பந்தல் சாமான், வீடு மாற்றும்போது பீரோ, எல்லாம் அதில்தான். பெரிய லாரி நுழையாத சந்தில் நுழைந்து வரும். கடன் வாங்கி எடுத்த டிரைவர் ஒருவர் அதை வைத்துக் குடும்பம் நடத்துவார். அதன் ஆள் ஏற்றும் வகைதான் சென்னையில் ஷேர் ஆட்டோவாக ஓடியது. குட்டி யானை நாளெல்லாம் பத்துப் பேருக்கு உழைக்கிறது. சொந்தக் கார் பெரும்பாலான நேரம் வாசலில் நிற்கிறது. மலிவு வண்டி செய்யத் தெரிந்த நாட்டிடம் நான் கேட்பது, தாழ்ந்த படி வைத்த நல்ல பஸ்ஸை, கிராமத்துக்குப் போகும் மினி பஸ்ஸை மலிவாகச் செய்துகொடுங்கள் என்றுதான். உங்கள் நாலு பேரையும் மழையில் நனையாமல் கொண்டுபோயிருக்க வேண்டியது கீரனூர் வழியாக அரை மணிக்கு ஒருமுறை வரும் ஒரு பஸ். அது வராததால்தான் உங்கள் அப்பா டிவிஎஸ் 50ஐ எடுத்தார்.

அப்பாவுக்குக் கார் வாங்குவது தப்பே இல்லை. நான் பேசியதெல்லாம் நெரிசல் உள்ள நகரத்துக்கு. நாளைக்கு இரண்டே தடவை பஸ் வரும் ஊரில், ராத்திரி நெஞ்சுவலி என்றால் யார் வந்து கூட்டிப்போவது? தாராளமாக வாங்குங்கள். பக்கத்து வீட்டுப் பிரசவத்துக்கும் அந்தக் கார்தான் போகும். ஒன்று மட்டும் கவனியுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று ரொம்பப் பழைய வண்டியை எடுக்காதீர்கள். 2022இலோ அதற்குப் பிறகோ தயாரான காராகப் பாருங்கள். அதிலிருந்துதான் முன்னிருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயம் ஆனது. பின் இருக்கை பெல்ட்டுகள் சீட்டுக்கு அடியில் சிக்கிக் கிடக்கும், அவற்றை வெளியே எடுத்து மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அம்மா பின்னால்தான் உட்காருவார், அவரையும் பெல்ட் போடச் சொல்லுங்கள். திருச்சிக்குள் போவதென்றால் புதுக்கோட்டையில் காரை விட்டுவிட்டு பஸ் ஏறச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா