தொப்பூர் இறக்கத்துக்கு என்ன ஆராய்ச்சி?

அன்புள்ள சார்,

நான் நல்லம்பள்ளிப் பக்கம். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. எங்கள் கல்லூரியில் எதிர்காலப் போக்குவரத்து பற்றி ஒரு கருத்தரங்கம் நடந்தது. டிரைவர் இல்லாத லாரி, பறக்கும் டாக்ஸி என்றெல்லாம் பேசினார்கள். என் அண்ணன் லாரி டிரைவர். தொப்பூரில் பிரேக் பிடிக்காமல் லாரி மோதியது என்று செய்தி வந்தாலே அம்மா போனை எடுத்து அவனைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார். இந்த ஆராய்ச்சியெல்லாம் நம் ஊருக்கு எப்போது வரும்? புராஜெக்டுக்கு நான் எதை எடுக்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

வந்து சில வருஷம் ஆகிவிட்டது. ஐஐடி மெட்ராஸில் படித்த இருவர் 2013-இல் தொடங்கிய ஏதர், ஓசூரில் மின்சார ஸ்கூட்டர் செய்கிறது. டிவிஎஸ் ஐக்யூபும் ஓசூர்தான். ஓலாவுக்குப் போச்சம்பள்ளி. பறக்கும் டாக்ஸியை விடுங்கள், தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பஸ் திரும்பவே இடம் பத்தவில்லை.

உங்கள் அம்மாவின் கவலைக்கு வருவோம். தொப்பூரில், தருமபுரியிலிருந்து சேலம் போகிற பக்கம் நீண்ட இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்கப் பல டிரைவர்கள் அங்கே நியூட்ரலில் விடுகிறார்கள். இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடுவதால் மொத்தப் பாரமும் பிரேக் மேல் விழுகிறது. சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் சூடேறி விரிகிறது, அதை உரசி நிறுத்தும் லைனரின் பிடி தளர்கிறது. அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொன்னது இதற்காகத்தான்.

இதில் கொடுமை, மிச்சம் பிடிக்கிறோம் என்பதே அங்கே தப்புக் கணக்கு. இன்றைய டீசல் இன்ஜின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வதே நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமலிருக்கவே டீசல் வேண்டும். லேசான சரிவில் நியூட்ரலில் கொஞ்ச தூரம் கூடுதலாக உருளலாம், சரி. பிரேக் போட்டே தீர வேண்டிய இறக்கத்தில் ஒரு லாபமும் இல்லை.

மின்சார லாரி வந்தால் கதை மாறும். 40 டன் லாரி 100 மீட்டர் உயரம் கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 11 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஓசூர் ஸ்கூட்டர் பேட்டரிகள் மூன்றை நிரப்பிவிடலாம். இப்போது அதில் பெரும்பகுதி டிரம்மில் வெந்து போகிறது. மின்சார லாரியில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைப் பிடித்து, ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்பும். ஆனால் இறக்கத்துக்குச் சற்று முன்னால்தான் முழு சார்ஜ் ஏற்றினான் என்றால் பேட்டரி வாங்கிக்கொள்ளாது, பாரம் திரும்பவும் பிரேக்குக்கே வரும். சார்ஜிங் நிலையத்தை எங்கே வைப்பது என்பதிலேயே இப்படி ஒரு ஆராய்ச்சி இருக்கிறது.

டீசல் லாரிகள் அவ்வளவு சீக்கிரம் போகப்போவதில்லை. எனவே உங்கள் புராஜெக்டுக்கு என் யோசனை இது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 (புகை கட்டுப்பாட்டு விதி) லாரிகளில் ஓபிடி, அதாவது வண்டியின் நிலையைத் தானே கண்காணித்துச் சொல்லும் மின்னணு அமைப்பு, இருக்கிறது. வேகம், இன்ஜின் சுற்று இரண்டையும் அதிலிருந்து படிக்கலாம். வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது இன்ஜின் ஐடிலில், அதாவது வண்டி நிற்கும்போது சுற்றுகிற குறைந்த வேகத்தில், சுற்றினால் அனேகமாக நியூட்ரல்தான், அல்லது கிளட்ச் மிதித்திருக்கிறார். சில விநாடிக்கு மேல் நீடித்தால் சந்தேகமே வேண்டாம். ஜிபிஎஸ் சேர்த்து, இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கேபினுக்குள் குரல் கொடுக்க வையுங்கள். தமிழில் மட்டும் போதாது. அந்த ரோடு ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலை, இந்தியும் தெலுங்கும் அவசியம். உயர்மட்டச் சாலை, வளைவை நேராக்குவது எல்லாம் தேவைதான், அது அரசு செய்யட்டும்.

கருவியை மட்டும் வைத்துவிட்டால் டிரைவர் ஒயரைப் பிடுங்கிவிடுவார் என்பதையும் யோசியுங்கள். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று முதலாளி கணக்கு வைத்து, மிச்ச டீசல் டிரைவருக்கு என்றிருக்கும் இடத்தில் நியூட்ரல் பழக்கம் சும்மா போகாது. முதலில் அண்ணனோடு உட்கார்ந்து, அவர் வண்டியில் மைலேஜ் கணக்கு எப்படி, எந்த இடத்தில் நியூட்ரலில் விடத் தோன்றுகிறது என்று கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். அவர் சொன்னதை எனக்கும் எழுதுங்கள்.