முதலில் பானத்தை அளங்க

காக்டெய்ல் கிளாஸ் வடிவமைப்பு பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

மார்டினிக்கென்றே ஒரு கிளாஸ் வரைகிறேன். எங்கிருந்து தொடங்கலாம், அண்ணா?

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அளவு ஜாடியை எடுங்க தம்பி. ஜின் 60 மி.லி., வெர்மூத் என்ற மூலிகை ஒயின் 10 மி.லி. ஐஸோடு கலக்கும்போது உருகிச் சேரும் தண்ணீர் ஏறக்குறைய 20. மொத்தம் 90 மி.லி. தான். விளிம்பில் கொஞ்சம் இடம் விட்டாலும் 140 மி.லி. கிளாஸ் தாராளம். 250 மி.லி. கிளாஸில் ஊற்றினால் அடியில் குட்டை மாதிரி கிடக்கும். அதை மறைக்க அளவைக் கூட்டுவார்கள். குடித்து முடிப்பதற்குள் கடைசிப் பாதி வெதுவெதுப்பாகிவிடும்.

மார்டினியின் கூம்பு கிளாஸில் எனக்கு மட்டும்தான் சிந்துகிறதா?

எல்லோருக்கும் சிந்தும். கூம்பின் உயரத்தில் ஐந்தில் நான்கு பங்கு வரை ஊற்றினாலும் அதன் கொள்ளளவில் பாதிதான் நிரம்பும். மீதிப் பாதி அந்த மேல் விளிம்பை ஒட்டித்தான் நிற்கும். லேசாகச் சாய்ந்தாலே சட்டையில்தான். பக்கங்களைச் சற்றே உள்வளைத்துப் பாருங்க. காம்பை மட்டும் எடுத்துவிடாதீங்க, உள்ளங்கைச் சூடு பானத்துக்கு எமன்.

மாஸ்கோ மியூல் என்ற வோட்கா காக்டெய்லுக்குச் செம்புக் குவளைதான் வேண்டுமா, சார்? வீட்டில் பாட்டியின் செம்பு டம்ளர் இருக்கிறது.

பெயரில்தான் மாஸ்கோ. பிறந்தது 1940களின் அமெரிக்காவில், வோட்காவையும் ஜிஞ்சர் பியரையும் விற்றுத் தீர்க்க. செம்புக் குவளை விளம்பரத்தோடு ஒட்டிக்கொண்டது. கையில் பிடித்தால் ஜில்லென்று இருக்கும், அது நிஜம். ஆனால் மியூலில் எலுமிச்சைச் சாறு உண்டு. பி.எச். 6-க்குக் கீழே உள்ள, அதாவது புளிப்பான, உணவு செம்பில் படக் கூடாது என்பது அமெரிக்க உணவு விதி. ஈயம் பூசாத பாத்திரத்தில் புளி கரைக்காதே என்று பாட்டியே சொல்லியிருப்பார். உள்ளே எஃகு உறை வைத்த குவளை வாங்குங்க. பாட்டி டம்ளரில் தண்ணீர் குடிக்கலாம்.

விஸ்கி கலந்த ஐரிஷ் காபியின் கிளாஸ் ஏன் அவ்வளவு சின்னது?

சான் பிரான்சிஸ்கோவின் புவெனா விஸ்டா கஃபேயில் 1952 முதல் ஊற்றுகிறார்கள். அங்கே கிளாஸ் 6 அவுன்ஸ், சுமார் 177 மி.லி. பெரிதாக்கினால் காபி கூடி விஸ்கி காணாமல் போகும். ஊற்றும் முன் வெந்நீரால் கிளாஸைச் சூடாக்குங்க.

மாதிரி செய்து பார்க்காமல் நேரே பட்டறையில் கண்ணாடியை ஊதச் சொல்லலாமா?

வேண்டாம். என் முதல் கிளாஸை அப்படித்தான் ஊதச் சொன்னேன். அழகாக வந்தது, பாரில் கிளாஸ் கழுவும் கூடையில்தான் நுழையவில்லை.