டபிள்யூஆர் 140: வானொலி ஏன் மங்குகிறது?

கொழும்பு கம்பஸ் புரொஜெக்டுக்குப் போட்ட வரைபில், டபிள்யூஆர் 140 என்ற இரட்டை விண்மீன் தொகுதியின் இரு விண்மீன்களும் மிகக் கிட்ட வரும்போது வானொலிச் செறிவு விழுகிறது, தரவு பிழையா என்று கேட்டிருந்தீர்கள். பிழையில்லை, அப்படித்தான் வரவேண்டும்.

இரு விண்மீன்களிலிருந்தும் வீசும் காற்றுகள் மோதும் அதிர்ச்சியலையில் இலத்திரன்கள் முடுக்கப்பட்டு, காந்தப்புலத்தில் சுழன்று சின்குரோட்ரான் கதிரை வீசுகின்றன. ஆனால் கிட்ட வரும்போது அந்த மோதற் பகுதி, இரண்டில் ஒன்றான வொல்ஃப்-ராயே விண்மீனின் (பலத்த காற்றை வீசும் மிகச் சூடான, பாரிய விண்மீன்) அடர்ந்த காற்றுக்குள் புதைந்துவிடும். அங்குள்ள அயனாக்கப்பட்ட வாயு வானொலியை விழுங்குகிறது. விழுங்கும் அளவு ஏறத்தாழ மீடிறனின் வர்க்கத்துக்கு நேர்மாறு என்பதால் குறைந்த மீடிறன்களுக்குத்தான் அடி கூட. 1.5, 15 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் ஒரே தாளில் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் நிறமாலைச் சுட்டெண், அதாவது மீடிறனோடு செறிவு எப்படி மாறுகிறது என்று காட்டும் எண். வெறும் வெப்பக் காற்றென்றால் +0.6 அளவில் வரும். மறைப்பெறுமானம் வந்தால் சின்குரோட்ரான்தான். திகதியை விடுங்கள், சுற்றுக்காலம் 7.9 வருடத்தை வைத்துக் கட்டப்படி மடித்து, அதாவது ஒவ்வொரு சுற்றின் தரவையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரையுங்கள்.