சம்பங்கி இலையாகவே நிற்பது ஏன்?

கேள்வி: எங்கள் வீட்டுப் பின்கட்டை ஒட்டி ஐந்து ஆண்டுகளுக்கு முன் அப்பத்தா நட்ட சம்பங்கி, முதல் மூன்று ஆண்டுகள் நன்றாகப் பூத்தது. இப்போது இலை மட்டும் மண்டிக் கிடக்கிறது. ஒரு தண்டுகூட வரவில்லை. யூரியா போட்டும் பயனில்லை. பிடுங்கி எறிந்துவிடலாமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: பிடுங்குங்கள், ஆனால் எறிந்துவிடாதீர்கள். சம்பங்கியில் ஒரு கிழங்கு ஒரே ஒரு முறைதான் பூக்கும். பூத்து முடிந்த தாய்க்கிழங்கைச் சுற்றிப் பக்கக் கிழங்குகள் கிளைத்து, அவை பருத்த பிறகே அடுத்த தண்டு எழும். ஐந்து ஆண்டுகளாகக் கலைக்கப்படாத தூரில் இந்தப் பக்கக் கிழங்குகள் இடமின்றி ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, எதுவுமே பூக்கும் பருமனை எட்டாமல் நிற்கின்றன. தோட்டக்காரர்கள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஒரே பாத்தியை வைத்திருக்காததன் காரணம் இதுவே. யூரியாவில் உள்ள தழைச்சத்து இலையைத்தான் மேலும் வளர்க்கும். அதை உடனே நிறுத்திவிடுங்கள்.

பங்குனி பிறந்ததும் நீர் பாய்ச்சுவதைக் குறைத்து, இலை பழுத்துச் சாய்ந்த பின், மண்வெட்டி கிழங்கில் படாதபடி தள்ளிக் குத்தித் தூரை முழுதாகப் பெயர்த்தெடுங்கள். மண்ணை உதிர்த்து, கிழங்குகளைத் தனித்தனியாகப் பிரித்து, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் ஏறத்தாழ ஒரு மாதம் பரப்பி வையுங்கள். இந்த ஓய்வைப் பலரும் வீண் தாமதமென்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஓய்வெடுத்த கிழங்குதான் சீராக முளைக்கும். 25 முதல் 30 கிராம் வரை எடையுள்ள, சொத்தையில்லாத கிழங்குகளை நடவுக்கு ஒதுக்கி, சிறியவற்றைத் தனி வரிசையில் வளர்த்துக்கொள்ளலாம். அவை அடுத்த ஆண்டு பூக்கும்.

வேரில் சிறு முடிச்சுகள் தென்பட்டால் அது நூற்புழுவின் வேலை. அந்தக் கிழங்குகளை அழித்துவிடுங்கள். பழைய இடத்தில் ஒரு பருவம் செண்டுமல்லி வளர்ப்பது நூற்புழுவைக் குறைக்கும். முடிச்சு இல்லையென்றாலும் புதிய இடம் நல்லது என்பதே என் கருத்து. உயர்ந்த மதிலின் நிழல் பின்கட்டில் பாதி நாள் விழுமானால், எவ்வளவு பக்குவம் செய்தாலும் பூ குறைவாகவே இருக்கும். நாள் முழுவதும் வெயில் படும் இடமாகப் பாருங்கள்.

நம் பகுதியின் செம்புறை மண் மேலே இளகியிருந்தாலும், பல இடங்களில் கீழே கல்லாக இறுகிக் கிடக்கிறது. எனவே ஒரு அடி ஆழம் கொத்தி, நன்கு மக்கிய தொழுவுரத்தையும் கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கையும் கலந்து, மேட்டுப்பாத்தி அமையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும் என்பதால் இந்த மேடு மிக முக்கியம். அடுப்படிச் சோப்பு நீரும் அங்கே வர வேண்டாம்.

ஆனி மாதத்தில், வரிசைக்கு வரிசை 45 செ.மீ., கிழங்குக்குக் கிழங்கு 20 செ.மீ. இடைவெளி விட்டு, முனை மேல்நோக்க, இரண்டு விரற்கடை ஆழத்துக்குள் நடுங்கள். நட்ட உடன் ஒரு தண்ணீர். அதன்பின் முளை வரும்வரை மண் காயாமல் ஈரம் இருந்தால் போதும். மூன்று, மூன்றரை மாதத்தில் தண்டு எழும்பும். பூத்து முடிந்த தண்டுகளை அடியோடு அறுத்துவிட்டால், பக்கக் கிழங்குகள் விரைவாகத் தேறும்.