“படகில் ஏற முடியுமா?” என்று கேட்டு வேலையை மறுக்கலாமா?

கேள்வி: மண்டபம் பக்கத்தில் ஒரு மீனவ கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வயது 28. பி.காம். படித்து, தட்டச்சும் முடித்திருக்கிறேன். சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் இடது கால் சூம்பிவிட்டது. காலிபர் போட்டு நடக்கிறேன். 50 சதவீதம் என்று மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் இருக்கின்றன. மாநில அரசுக்குச் சொந்தமான ஒரு நிறுவனத்தின் இளநிலை உதவியாளர் பணிக்கு, மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் விண்ணப்பித்து எழுத்துத் தேர்வில் தேறினேன். சான்றிதழ் சரிபார்ப்பில் ஓர் அதிகாரி, “மீன் இறங்குதளத்துக்குப் போய்க் கணக்கு எடுக்க வேண்டியிருக்கும். படகில் ஏற முடியுமா? பொம்பளைப் பிள்ளை, விடியற்காலையில் கரையில் நிற்க முடியுமா?” என்று கேட்டார். செய்வேன் என்றேன். தேர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. எழுத்தில் ஒரு காரணமும் வரவில்லை. தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லி அந்த இடத்தைப் பொதுவில் நிரப்பப் போகிறார்களாம். மூன்று லட்சம் கொடுத்தால் பெயரைச் சேர்த்துவிடலாம் என்று ஒருவர் வீட்டுக்கு வந்து பேசுகிறார். அப்பா எங்கள் படகான வல்லத்தை விற்கலாமா என்று யோசிக்கிறார். கேஸ் போட்டால் வேறு எந்த அரசு வேலையும் கிடைக்காது என்று அண்ணன் பயப்படுகிறார். நான் என்ன செய்வது?

பதில்: தங்கை, முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள், வல்லத்தை விற்க வேண்டாம். அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால் ஏழு நாளுக்குள் போலீசிலோ லஞ்ச ஒழிப்புத் துறையிலோ சொல்லிவிட வேண்டும். இன்னொன்றையும் யோசியுங்கள். உங்கள் பக்கம் இப்போது நல்ல வழக்கு இருக்கிறது. பணம் கைமாறிவிட்டால் அந்த வழக்கும் போய்விடும். அந்த ஆள் செல்போனில் பேசியது, அனுப்பிய செய்தி எதையும் அழிக்காதீர்கள்.

இனி வேலை விஷயம். நீங்கள் அனுப்பிய ஆள்தேர்வு அறிவிப்பின் நகலை வரி வரியாகப் படித்தேன். பணிக்குப் பொருத்தமான ஊன வகைகள் என்ற கட்டத்தில் ‘ஒரு கால் பாதிப்பு’ என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள். கல்வித் தகுதி இருக்கிறது, தட்டச்சு இருக்கிறது, வயது வரம்பு இருக்கிறது. படகு என்ற சொல் எட்டுப் பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை. உங்கள் வழக்கின் அடித்தளமே இதுதான். அந்த நகலை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்றால், ஆள்தேர்வு தொடங்கும்போது சொன்ன தகுதியை நடுவழியில் மாற்றக் கூடாது. ஆட்டம் தொடங்கிய பிறகு ஆட்ட விதியை மாற்றுவதுபோல் அது. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தேஜ் பிரகாஷ் பாதக் வழக்கில் 2024 நவம்பர் 7 அன்று இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. பணி விதிகளோ அறிவிப்போ இடம் கொடுத்திருந்தால்தான் மாற்றலாம். அப்படி மாற்றினாலும் அது சமத்துவத்தைச் சொல்லும் அரசியல் சாசனத்தின் 14-வது பிரிவில் தேற வேண்டும். அறிவிப்பில் ‘ஒரு கால் பாதிப்புள்ளவர் வரலாம்’ என்று அழைத்துவிட்டு, வந்தவரின் காலைப் பார்த்து ‘படகில் ஏறத் தெரியுமா’ என்று கேட்பது புதிய தகுதியை நுழைப்பதுதான்.

இதைவிட வலுவான ஆயுதம் 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அரசு அலுவலகங்களோடு, அரசுக்குச் சொந்தமான நிறுவனங்களையும் உள்ளாட்சி அமைப்புகளையும் அது கட்டுப்படுத்தும். வேலை தொடர்பான எந்த விஷயத்திலும் அரசு நிறுவனம் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 20-வது பிரிவு. ஒரு நிறுவனத்தின் வேலை அப்படிப்பட்டது, விலக்கு வேண்டும் என்றால் அரசு முறையாக அறிவிக்கை போட்டு விலக்கு தர வேண்டும். சரிபார்ப்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி வாய்மொழியாக விலக்கு கொடுத்துக்கொள்ள முடியாது.

இந்தச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு வரி, பாகுபாடு என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில் இருக்கிறது. ‘நியாயமான வசதி’ செய்து தர மறுப்பதும் பாகுபாடுதான் என்கிறது அது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரித்துப் பேசியது. அதாவது, ‘இவரால் முடியுமா’ என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. ‘என்ன செய்து கொடுத்தால் இவரால் முடியும்’ என்ற கேள்வியை அலுவலகம் தனக்குள் கேட்டிருக்க வேண்டும். 2024 அக்டோபரில் மருத்துவப் படிப்புச் சேர்க்கை தொடர்பான வழக்குகளிலும் நீதிமன்றம் இதே வழியில்தான் போனது. சதவீதத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தாதே, அந்த ஆளால் என்ன செய்ய முடிகிறது என்று பார் என்றது.

உங்கள் விஷயத்தில் இதைக் கரைக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம். இறங்குதளத்தில் கணக்கு எடுப்பது என்றால் என்ன? படகு வந்து அணையும்போது எண்ணைக் குறிப்பது, கூடை இறங்குவதைப் பார்த்து எடை எழுதுவது, பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது. ராமேசுவரத்திலோ மண்டபத்திலோ விசைப்படகுகளுக்கு அனுமதி டோக்கன் கொடுக்கும் இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பேனா பிடிப்பவர் மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். படகுக்குள் இறங்கியே ஆக வேண்டிய நாள் மாதத்தில் எத்தனை? அந்த நாட்களில் கூட ஒருவரை அனுப்ப முடியாதா? அல்லது அந்த வேலையை மட்டும் இன்னொரு உதவியாளருக்குக் கொடுத்து, அவருடைய மேசை வேலையில் ஒரு பங்கை உங்களுக்குக் கொடுக்க முடியாதா? இந்தக் கேள்விகளுக்கு அலுவலகக் கோப்பில் பதில் இருக்க வேண்டும். யோசித்து, எழுதி, அதன் பிறகு மறுத்திருந்தால் அதை எதிர்ப்பது கொஞ்சம் கடினம். யோசிக்கவே இல்லை என்றால் அந்த மறுப்பு நிற்காது.

‘பொம்பளைப் பிள்ளை’ என்ற பேச்சுக்கு நான் அதிகம் எழுதப் போவதில்லை. அரசியல் சாசனத்தின் 16-வது பிரிவு, பாலினத்தைக் காரணம் காட்டி அரசு வேலையை மறுக்கக் கூடாது என்கிறது. மதுக்கூடங்களில் பெண்கள் வேலை செய்யத் தடை போட்ட சட்டத்தை அனுஜ் கார்க் வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பாதுகாப்பு என்ற பெயரில் வேலையைப் பறிக்காதே, வேலை செய்யும் இடத்தைப் பாதுகாப்பாக்கு என்பதுதான் அதன் சாரம். அப்புறம், இந்தக் கரையில் இருந்துகொண்டு அந்தக் கேள்வியை எப்படித்தான் கேட்கிறார்களோ! பாம்பனிலும் சின்னப்பாலத்திலும் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பாசி எடுப்பவர்கள் பெண்கள். ஏலத்தில் மீன் எடுக்க இருட்டோடு வந்து நிற்பவர்களும் பெண்கள். அவர்களை நம்பி நடக்கும் கரையில், அவர்கள் வீட்டுப் பெண் பதிவேடு எழுத நிற்கக் கூடாதா?

அந்த இடத்தைப் பொதுவில் நிரப்பும் பேச்சுக்கு வருகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 34-வது பிரிவு குறைந்தது 4 சதவீத ஒதுக்கீடு தருகிறது. அதில் ஒரு சதவீதம் கை, கால் இயக்கக் குறைபாடு உள்ளவர்களைச் சேர்த்த பிரிவுக்கு. தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்தை உடனே வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட முடியாது. அடுத்த ஆள்தேர்வு ஆண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அப்போதும் கிடைக்காவிட்டால் மற்ற ஊன வகையினருக்குள் மாற்றிக்கொள்ளலாம். எந்த மாற்றுத்திறனாளியும் இல்லை என்ற நிலை வந்த பிறகுதான் மற்றவர்களுக்கு. நீங்கள் தேர்வில் தேறி எதிரே உட்கார்ந்திருக்கும்போது ‘ஆள் கிடைக்கவில்லை’ என்று எழுதினால் அது பொய்க் குறிப்பு.

இப்போது செய்ய வேண்டியது. நாளைக்கே நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். நீளம் வேண்டாம், கோபமும் வேண்டாம். ‘இந்தத் தேதியில் சான்றிதழ் சரிபார்ப்பில் கலந்துகொண்டேன். அறிவிப்பின்படி ஒரு கால் பாதிப்புள்ளவர்களுக்குப் பொருத்தமான பணி இது. என் பெயர் பட்டியலில் இல்லாததற்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும். முடிவு தெரியும்வரை இயக்கக் குறைபாட்டுக்கு ஒதுக்கிய இடத்தை வேறு யாருக்கும் ஒதுக்க வேண்டாம்’ என்று எழுதினால் போதும். அதிகாரி கேட்ட கேள்விகளை அவர் சொன்ன வார்த்தையிலேயே, தேதி, நேரத்தோடு சேருங்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்காமல் வராதீர்கள்.

அதே சட்டத்தின் 23-வது பிரிவுப்படி ஒவ்வொரு அரசு நிறுவனமும் ஒரு குறைதீர்ப்பு அலுவலரை நியமித்திருக்க வேண்டும். மனுவின் ஒரு பிரதி அவருக்கும் போகட்டும். பதிவு செய்த இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். அப்படி ஒருவரை நியமிக்கவே இல்லை என்றால், அதுவும் உங்களுக்கு ஒரு சாட்சியம்.

கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு விண்ணப்பம். உங்கள் மதிப்பெண், மாற்றுத்திறனாளி பிரிவின் கட்-ஆஃப், எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்று வரிசைப்படுத்தும், இந்தப் பணிக்கான இனச்சுழற்சிப் பதிவேட்டில் மாற்றுத்திறனாளி புள்ளிகள் எப்படி நிரப்பப்பட்டன என்ற விவரம், உங்கள் விண்ணப்பத்தின் மீது எழுதிய கோப்புக் குறிப்பின் நகல், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவில் அந்த நிறுவனம் வைத்திருக்க வேண்டிய சமவாய்ப்புக் கொள்கையின் நகல். இவ்வளவும் கேளுங்கள். ‘ஏன் என்னை எடுக்கவில்லை’ என்று கேட்காதீர்கள். கருத்து கேட்டால் தட்டிவிடுவார்கள், ஆவணம் கேட்டால் கொடுத்தாக வேண்டும். 30 நாளுக்குள் பதில் வராவிட்டால் அங்கேயே முதல் மேல்முறையீடு செய்யலாம்.

மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் புகார் அனுப்பலாம். ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் அவருக்கு சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு. அவர் செய்யும் பரிந்துரை மீது மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்து அவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் அந்த இடம் கைநழுவப் போகிறது என்று தெரிந்தால் இதற்காகக் காத்திருக்காதீர்கள். நேரே உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வில் ரிட் மனு (அரசு அமைப்பின் முடிவை எதிர்த்துப் போடும் மனு) போட்டு, ஓர் இடத்தைக் காலியாக வைக்க இடைக்கால உத்தரவு கேட்க வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் அந்த அமர்வுக்குள்தான் வருகிறது. மத்திய அரசுப் பணியாக இருந்திருந்தால் பெரும்பாலும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டியிருக்கும்; உங்களுக்கு அந்தச் சுற்று இல்லை.

அவசரம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேறொருவருக்குப் பணி ஆணை கொடுத்துவிட்டால் அவரையும் வழக்கில் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். அவர் சேர்ந்து சம்பளம் வாங்கத் தொடங்கிவிட்டால் நீதிமன்றத்துக்கும் தயக்கம் வரும். ரிட் மனுவுக்கு இத்தனை நாள் என்று சட்டத்தில் கெடு இல்லைதான், ஆனாலும் தாமதமாக வந்தவர்களை நீதிமன்றம் திருப்பி அனுப்பிவிடும்.

எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். தேர்வில் தேறியதாலேயே வேலை கிடைத்தே தீர வேண்டும் என்ற உரிமை வந்துவிடாது. நீதிமன்றம் பெரும்பாலும் ‘இந்தப் பெண்ணின் விண்ணப்பத்தைச் சட்டப்படி மறுபடி பரிசீலி’ என்று கெடு வைத்து உத்தரவிடும். உங்களைவிட அதிக மதிப்பெண் எடுத்த மாற்றுத்திறனாளி ஒருவர் அதே பிரிவில் தேர்வாகியிருந்தால், உங்கள் வழக்கு அங்கேயே நின்றுவிடும். மதிப்பெண்ணையும் கட்-ஆஃபையும் முதலில் கேளுங்கள் என்று சொன்னது அதற்காகத்தான்.

அண்ணனின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு நிறுவனத்தின் மேல் ரிட் போட்டவர் என்பது வேறு எந்தப் பணிக்கும் தகுதிக் குறைவு ஆகாது. இது குற்ற வழக்கு கிடையாது. பிரித்திகா யாஷினி என்ற திருநங்கையின் விண்ணப்பத்தைத் தேர்வு வாரியம் நிராகரித்தபோது அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2015-ல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது, தமிழ்நாடு காவல் துறையில் உதவி ஆய்வாளரும் ஆனார். இதை அண்ணனிடம் சொல்லுங்கள்.

வக்கீல் பீஸுக்கு என்ன செய்வது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவில் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. இரண்டு வகையிலும் நீங்கள் வருகிறீர்கள். ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய், மதுரை அமர்வில் வழக்குப் போட வேண்டும் என்று சொல்லுங்கள். உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழு வழியாக வக்கீல் ஏற்பாடு செய்வார்கள். போகும் முன் 15100 என்ற இலவச எண்ணில் பேசிவிட்டும் போகலாம். ஆள்தேர்வு அறிவிப்பு, ஹால் டிக்கெட், சரிபார்ப்புக்கு வந்த அழைப்புக் கடிதம், ஊனச் சான்று, மனு அனுப்பிய தபால் ரசீது ஆகியவற்றில் இரண்டு செட் நகல் எடுத்துப் போங்கள்; அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.