பயணத்தில் குளூட்டன் இல்லாத உணவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்குச் சீலியாக் நோய் இருப்பது அண்மையில்தான் உறுதியானது. வேலை நிமித்தம் பல நாடுகளுக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்ட பாக்கெட்டை எந்த நாட்டிலும் தயங்காமல் வாங்கலாமா? ஒரு ரொட்டிப் பாக்கெட்டின் முகப்பில் அப்படிப் போட்டிருந்தது. பின்பக்கச் சேர்மானப் பட்டியலிலோ கோதுமை மாவுச்சத்து இருந்தது. இது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: ஏமாற்று வேலை இல்லை, ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதமே குளூட்டன். அதைச் சாப்பிட்டால் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே சிறுகுடலைத் தாக்குவதுதான் சீலியாக் நோய். கோதுமை மாவைக் கழுவிப் புரதத்தைப் பிரித்துவிட்டு, எஞ்சும் மாவுச்சத்தை மட்டும் பக்குவப்படுத்தி எடுக்கும் முறை உண்டு. அந்த மாவுச்சத்தில் செய்த ரொட்டியில் மிஞ்சியிருக்கும் குளூட்டன் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டாவிட்டால், அதைக் ‘குளூட்டன் இல்லாதது’ என்று விற்க ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் இடம் கொடுக்கிறது. சீலியாக் நோயாளிகள் அதைச் சாப்பிடலாம். கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. இந்த இரு உடல்நலக் குறைகளையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர்களுக்குத்தான் ஆபத்து.

20 மில்லிகிராம் என்ற வரம்பு பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2008-இல் திருத்தி வகுத்தது. ஐரோப்பிய ஒன்றியமும், 2013-இல் விதி வெளியிட்ட அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் இதே எண்ணைத்தான் பின்பற்றுகின்றன. சாதாரண ரொட்டித் துண்டு ஒன்றில் ஏறத்தாழ 2 கிராம், அதாவது 2,000 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். சீலியாக் நோயாளிகளில் பெரும்பாலோர் நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் வரை தாங்குவர் என்பது மருத்துவ ஆய்வுகளின் கணிப்பு. வரம்பின் உச்சியிலேயே இருக்கும் உணவாக இருந்தாலும், அரைக் கிலோ சாப்பிட்டால்தான் அந்த அளவு உடலுக்குள் போகும். ஆகவே முறையாக அச்சிட்ட லேபிளை நம்பலாம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இன்னும் கடுமையானவை: அங்கே சோதனையில் குளூட்டன் தென்படவே கூடாது, ஓட்ஸ், மால்ட் (பெரும்பாலும் முளைகட்டிய பார்லி) சேர்ந்த பண்டத்துக்கு அந்தப் பெயரே கிடையாது. ஐரோப்பாவில் ‘மிகக் குறைந்த குளூட்டன்’ என்று தனியாக ஒரு வகை உண்டு; அதில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரை இருக்கலாம். மருத்துவர் அனுமதி இல்லாமல் அதை எடுக்காதீர்கள்.

முகப்பில் இந்த வாசகம் இல்லாத பொருளை வாங்கும்போதுதான் நாட்டுக்கு நாடு கண் கூர்மையாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் குளூட்டன் உள்ள தானியம் எதுவாக இருந்தாலும் அதன் பெயரைச் சேர்மானப் பட்டியலிலேயே தடித்த எழுத்திலோ வேறு விதத்திலோ எடுப்பாகக் காட்டியாக வேண்டும். அமெரிக்காவில் 2004-ஆம் ஆண்டின் ஒவ்வாமைச் சட்டம் இந்தத் தானியங்களில் கோதுமையை மட்டுமே பட்டியலில் வைத்திருக்கிறது. பார்லிக்கும் ரைக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. ஜப்பானிலும் கோதுமைக்குக் கட்டாயம் உண்டு, பார்லிக்கு இல்லை. எனவே ஒவ்வாமைக் குறிப்பில் கோதுமை இல்லை என்பதை மட்டும் பார்த்துவிட்டுக் கூடையில் போடாமல், மால்ட், மால்ட் சாறு போன்ற சொற்களைத் தேடிப் பட்டியலை முழுவதும் படியுங்கள். ‘கோதுமை இல்லாதது’ என்ற வாசகம் உங்களுக்குப் போதாது. ‘குளூட்டன் இருக்கக்கூடும்’ என்ற எச்சரிக்கை பெரும்பாலான நாடுகளில் உற்பத்தியாளர் விரும்பினால் போடுவது. ஆகவே அது அச்சிடப்படாததை உறுதிமொழியாக எடுத்துக்கொள்ள முடியாது.

மொழி தெரியாத ஊரில் உதவக்கூடியது, தானியக் கதிரின் மேல் கோடு போட்ட சின்னம். ஐரோப்பிய சீலியாக் சங்கங்கள் அதை உரிமம் கொடுத்து நிர்வகிக்கின்றன; அசல் சின்னத்தின் அருகே நாட்டைக் குறிக்கும் எழுத்துகளுடன் தொடங்கும் பதிவு எண் இருக்கும். எண் இல்லாத கதிர்ப் படத்தை வெறும் அலங்காரமாகவே கருதுங்கள்.

கேள்வி: பயணச்சீட்டு வாங்கும்போதே குளூட்டன் இல்லாத உணவைப் பதிவு செய்திருந்தேன். முதல் விமானத்தில் கிடைத்தது. இடையில் மாறி ஏறிய விமானத்தில், ‘உங்கள் பெயரில் சிறப்பு உணவு எதுவும் வரவில்லை’ என்று கைவிரித்துவிட்டார்கள். இதைத் தவிர்க்க என்ன செய்வது?

பதில்: சீட்டை விற்ற நிறுவனம் ஒன்றாகவும் விமானத்தை ஓட்டிய நிறுவனம் வேறாகவும் இருந்திருக்கலாம். அப்படிப்பட்ட கூட்டுப் பயணங்களில் உணவுக் கோரிக்கை மறுபக்கம் போய்ச் சேராமல் போவது அடிக்கடி நடக்கிறது. பயணத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் கோரிக்கை தனித்தனியாகப் பதிவாகியிருக்க வேண்டும். விமானத்தை உண்மையில் இயக்கும் நிறுவனத்தைத் தொடர்புகொண்டு, உங்கள் பதிவில் ஜி.எஃப்.எம்.எல். என்ற குறியீடு இருக்கிறதா என்று கேளுங்கள். குளூட்டன் இல்லாத உணவுக்கு விமானத் துறை முழுவதும் வழங்கும் குறியீடு அதுதான். பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 24 முதல் 48 மணி நேரத்துக்கு முன்பே பதிவு முடிந்திருக்க வேண்டும். தேதியையோ விமானத்தையோ மாற்றினால் பழைய கோரிக்கை விழுந்துவிடலாம் என்பதால், மாற்றிய உடனே மறுபடியும் சரிபார்த்து, உறுதிசெய்த மின்னஞ்சலைச் சேமித்து வையுங்கள்.

தட்டு வந்த பிறகும் ஒரு கவனம் தேவை. மூடிய சூடான உணவின் மேல் குறியீடு ஒட்டியிருக்கும்; அருகில் வைக்கப்படும் ரொட்டியோ பொதுக் கூடையிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். உறையில் எழுத்து இல்லாத எதையும் ஒதுக்கிவிடுங்கள். நட்டஈட்டைப் பொறுத்தவரை, சிறப்பு உணவுக்கு உத்தரவாதம் இல்லை என்ற வாசகத்தைப் பல நிறுவனங்கள் தம் நிபந்தனைகளில் வைத்திருக்கின்றன. உணவுக்கென்று தனியாகப் பணம் செலுத்தியிருந்தால் அதைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு வலுவான காரணம் உண்டு. செலுத்தவில்லை என்றாலும் எழுத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: உணவகத்தில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று பட்டியலில் குறித்திருந்த உணவைத்தான் கேட்டு வாங்கினேன். ஆனாலும் அன்றிரவு உடம்பு படுத்திவிட்டது. எதை நம்பி வாங்குவது?

பதில்: வருத்தமாக இருக்கிறது, இந்தக் கேள்விதான் எனக்கு மிக அதிகமாக வருகிறது. உணவுப் பட்டியலில் உள்ள குறி பெரும்பாலும் சேர்மானத்தைப் பற்றியது. நீங்கள் விலை கொடுத்து வாங்க வேண்டியதோ சமைக்கும் முறையில் உள்ள கவனத்தை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல் உணவகங்களும் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிய தகவலைக் கொடுத்தே ஆக வேண்டும். குளூட்டன் தானியங்கள் அதில் ஒரு வகை. ஆனால் அந்தக் கடமை சமையலில் சேர்த்த பொருளைப் பற்றியதுதான். பக்கத்து அடுப்பிலிருந்து வந்து சேரும் மாவை அது கணக்கில் எடுப்பதில்லை.

சமையலறைக்குள் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். சோளத்தில் செய்த பாஸ்தாவைத் தனியாக வாங்கி வைத்திருப்பார்கள். ஆனால் கோதுமைப் பாஸ்தா வெந்த தண்ணீரிலேயே அதையும் போட்டு எடுப்பார்கள். தண்ணீரை மாற்றினாலும், வடிதட்டின் துளைகளில் காய்ந்து ஒட்டியிருக்கும் மாவுப் பசை கழுவினாலும் எளிதில் போகாது. உருளைக்கிழங்கு வறுவலில் குளூட்டன் துளியும் கிடையாது. மாவில் தோய்த்த மீனையும் அதே எண்ணெயில் பொரித்திருந்தால் வறுவலும் கெட்டுவிடும். வெறும் இறைச்சியும் காய்கறியும் பாதுகாப்பானவை. மேலே ஊற்றும் குழம்பு மைதாவால் கெட்டியாக்கப்பட்டிருந்தால் நிலைமை வேறு. சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்து நொதிக்க வைத்தது. பக்வீட் குளூட்டன் இல்லாத தானியம்தான் என்றாலும், அதன் பெயரில் விற்கும் நூடுல்ஸில் கோதுமை மாவைக் கலப்பது வழக்கம். நண்டு இறைச்சி போல வடிவமைத்த மீன் பண்டத்தில் கோதுமை மாவுச்சத்து இருக்கும். கூஸ்கூஸ், புல்கர் இரண்டுமே கோதுமைதான்.

ஆகவே, ‘இதில் குளூட்டன் இருக்கிறதா?’ என்று கேட்காதீர்கள். வேலை நெருக்கடியில் இருப்பவர் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் முடிக்க முடியாதபடி கேளுங்கள்: இதை எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள்? ரொட்டியை எங்கே வைத்துச் சூடாக்குகிறீர்கள்? பாஸ்தாவுக்குத் தனிப் பாத்திரம் எது? சாஸை எதைப் போட்டுக் கெட்டியாக்குகிறீர்கள்? பதில் சொல்பவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தால் அது நல்ல அறிகுறி. ‘எங்களால் உறுதி சொல்ல முடியாது’ என்று மறுக்கும் உணவகத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர்களுக்குத் தம் சமையலறையின் எல்லை தெரிந்திருக்கிறது. பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் ‘சீலியாக் நோயாளிகளுக்கு ஏற்றதல்ல’ என்று இருந்தால், அந்தக் குறி விருப்பத்தின் பேரில் குளூட்டனைத் தவிர்ப்பவர்களுக்கானது என்று புரிந்துகொண்டு எழுந்துவிடுங்கள்.

மொழி தெரியாத இடத்தில், இவற்றையெல்லாம் அந்த ஊர் மொழியில் எழுதிய ஓர் அட்டையைச் சமையல்காரர் கையிலேயே சேரும்படி கொடுங்கள். ‘குளூட்டன்’ என்ற சொல்லை மட்டும் நம்பாமல் கோதுமை, பார்லி, ரை, மைதா, சோயா சாஸ் என்று பொருள்களின் பெயரையும், சுத்தமான பாத்திரமும் கரண்டியும் வேண்டும் என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும். சில நாடுகளில் இதைவிட உறுதியான ஏற்பாடு உண்டு. இத்தாலியில் சீலியாக் சங்கமே பயிற்சி கொடுத்து உணவகங்களைத் தன் திட்டத்தில் சேர்த்துக்கொள்கிறது. போகும் நாட்டில் அப்படி ஒரு சங்கம் இருக்கிறதா என்று தேடி, அதன் பட்டியலிலிருந்து உணவகத்தைத் தேர்ந்தெடுங்கள். கூட்டம் குறைந்த நேரத்தில் போவதும் பெரிய உதவி.

கேள்வி: உணவில் குளூட்டன் இருக்கிறதா என்று காட்டும் கையடக்கக் கருவியும், குளூட்டனைச் செரிக்கச் செய்யும் மாத்திரையும் விளம்பரத்தில் வருகின்றன. பயணத்துக்காக வாங்கலாமா?

பதில்: மாத்திரையைச் சீலியாக் நோயாளி வாங்க வேண்டாம் என்பது என் திட்டவட்டமான கருத்து. அதில் இருப்பது புரதத்தை உடைக்கும் நொதி. அது குளூட்டனின் ஒரு பகுதியை வயிற்றில் சிதைக்கும். முழுவதையும் சிதைத்துக் குடலைக் காப்பாற்றும் என்பதற்கு நிரூபணம் இல்லை. மருந்தாக இல்லாமல் உணவுத் துணைப்பொருளாக விற்கப்படுவதால், மருந்துக்குரிய முன் பரிசோதனை இதற்கு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ‘மாத்திரை போட்டுக்கொண்டோமே’ என்ற தைரியத்தில் ஒரு துண்டு ரொட்டி சாப்பிடத் தோன்றும். இதில் மிகப் பெரிய ஆபத்து அந்தத் தைரியம்தான்.

கருவி அந்த அளவுக்குத் தள்ளத்தக்கதல்ல. உணவின் ஒரு சிறு துணுக்கைக் குப்பியில் போட்டால், எதிர்ப்புரதத்தின் (ஆன்டிபாடி) துணையால் அது குளூட்டனைக் கண்டறியும். ஆனால் சோதனை அந்தத் துணுக்குக்கு மட்டுமே பொருந்தும். தட்டின் மறுமூலையில் விழுந்த ரொட்டித் தூளை அது அறியாது. சோயா சாஸ், பீர் போல நொதித்த பொருள்களில் புரதம் துண்டு துண்டாகிவிடுவதால் கருவி அதைத் தவறவிடலாம். ஒவ்வொரு சோதனைக்கும் புதிய குப்பி வேண்டியிருப்பதால், கருவியின் விலையோடு செலவு முடிவதில்லை. குப்பிகள் தொடர்ந்து கிடைக்குமா, அவற்றின் காலாவதி எப்போது, பார்லியையும் ரையையும் கண்டறியுமா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: தங்கும் விடுதியின் விளம்பரத்தில் குளூட்டன் இல்லாத காலை உணவு உண்டு என்று இருக்கிறது. முன்பணம் கட்டலாமா?

பதில்: முன்பணம் கட்டும் முன், என்ன கொடுப்பார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உறை பிரிக்காத ரொட்டியும் அதற்கென்று தனி டோஸ்டரும் கிடைக்குமானால் நல்லது. பஃபே மேசையில் ஒரு மூலையில் தட்டு வைத்து அட்டை எழுதியிருந்தால் போதாது. இடுக்கிகளும் கரண்டிகளும் தட்டு மாறிக்கொண்டே இருக்கும் இடம் அது. சமையலறையிலிருந்து தனியாகக் கொண்டுவந்து தருவார்களா என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால், காலை உணவு சேராத கட்டணத்தில் அறையை எடுப்பதே மேல்.

கேள்வி: கையோடு உணவு கொண்டுபோனால் பாதுகாப்புச் சோதனையிலும் சுங்கத்திலும் சிக்கல் வருமா?

பதில்: ரொட்டி, பிஸ்கட், வறுத்த கொட்டைகள் போன்ற திடப் பொருள்களுக்குப் பாதுகாப்புச் சோதனையில் பொதுவாகத் தடை இல்லை. ஜாம், கடலை வெண்ணெய், தயிர் ஆகியவை பல விமான நிலையங்களில் திரவக் கணக்கில் சேரும். 100 மில்லிலிட்டருக்கு மேல் போனால் எடுத்துவிடுவார்கள். சுங்கம் தனி விஷயம். பழம், காய்கறி, இறைச்சி, பால் பொருள்களைப் பல நாடுகள் உள்ளே விடுவதில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கொண்டுவரும் உணவை அறிவிக்காமல் விட்டால் அபராதம் விழும். அறிவித்துவிட்டால், மிஞ்சிப் போனால் அந்தப் பொருளை மட்டும் இழப்பீர்கள். மருத்துவர் கடிதம் அதிகாரியிடம் விளக்கம் சொல்ல உதவும். ஆனால் தடை செய்த பொருளுக்கு அதனால் அனுமதி கிடைக்காது.

சேர்மானப் பட்டியலை அதிகாரி படித்துப் பார்க்க முடியும் என்பதால், உணவை அதன் சொந்தப் பாக்கெட்டில் பிரிக்காமல் கொண்டுபோங்கள். எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடாமல், விமானம் தாமதமானாலும் முதல் நாளைச் சமாளிக்கும் அளவுக்குக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அரிசி, உருளைக்கிழங்கு, முட்டை, பழம் ஆகியவை எந்த ஊர் மளிகைக் கடையிலும் கிடைக்கும்; அவற்றுக்கு லேபிளும் தேவையில்லை.