கத்தோலிக்க மருத்துவமனையில் வேலை: கருத்தடைச் செலவை இன்சூரன்ஸ் ஏற்குமா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்க மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்திருக்கிறேன். அடுத்த குழந்தை இப்போதைக்கு வேண்டாம் என்று ஐயூடி (கருப்பைக்குள் பொருத்தும் கருத்தடைச் சாதனம்) போட்டுக்கொள்ள நினைக்கிறேன். எங்கள் இன்சூரன்ஸ் இதற்குப் பணம் தராது என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். சட்டப்படி இலவசம்தானே?

பதில்: பொதுவாக ஆமாம். ஒபாமா காலத்துச் சட்டப்படி, 2012 முதல் பெரும்பாலான நிறுவனக் காப்பீடுகள் பெண்களுக்கான கருத்தடை முறைகளைக் கைக்காசு கேட்காமல் தர வேண்டும். ஐயூடியைப் பொருத்தும் கட்டணமும் அதில் சேர்ந்ததுதான். ஆனால் தேவாலயங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே விலக்கு உண்டு. 2014-இல் ஹாபி லாபி என்ற கடை நிறுவனத்தின் வழக்கில், ஒரு சிலர் கையில் இருக்கும் தனியார் நிறுவனங்களும் மத நம்பிக்கையைக் காட்டி மறுக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். டிரம்ப் அரசு 2018-இல் விலக்கை இன்னும் விரித்தது. உச்ச நீதிமன்றம் 2020-இல் அதற்கு வழிவிட்டது. 2025 ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்ய, வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது.

ஆகவே, சட்டத்தை வைத்து வாதாடுவதைவிட உங்கள் திட்டத்தின் ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். கூடவே மனிதவளத் துறைக்கு மின்னஞ்சலில் ஒரே கேள்வி: "முழு விலக்கா, மாற்று ஏற்பாடா?" மாற்று ஏற்பாடு என்றால் மருத்துவமனை ஒதுங்கிக்கொள்ளும், காப்பீட்டு நிறுவனம் தனியாகப் பணம் கட்டும். கையேட்டில் 'கிடையாது' என்று இருந்தாலும் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து தனிக் கடிதம் வந்திருக்கும். பலர் அதைப் பிரிப்பதே இல்லை. இந்தக் காப்பீடு உங்கள் சம்பளத்தின் ஒரு பகுதி. கேட்கக் கூச்சமே வேண்டாம்.

அதிக உதிரப்போக்கு, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) போன்ற தொல்லை உண்மையிலேயே இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சில ஐயூடிகளில் ஹார்மோன் உண்டு; சிகிச்சைக்காகத் தரும் ஹார்மோனைக் கத்தோலிக்கப் போதனை தடுப்பதில்லை. பல திட்டங்களும் அதற்குப் பணம் தருகின்றன. டாக்டர் அந்த நோயின் பெயரிலேயே பில் போட வேண்டும்.

முழு விலக்கு என்று பதில் வந்தால்? கணவரின் அலுவலகத் திட்டத்தில் ஆண்டு இறுதிச் சேர்க்கையின்போது சேரப் பாருங்கள். அதுவரை காத்திருக்க முடியாதென்றால் 'டைட்டில் டென்' என்ற அரசின் குடும்பக் கட்டுப்பாட்டு நிதி பெறும் கிளினிக்குகள் இருக்கின்றன, அங்கே வருமானத்தைப் பார்த்துத்தான் கட்டணம்.

எந்த வழியில் போனாலும் அப்பாயின்ட்மென்டுக்கு முன் காப்பீட்டு நிறுவனத்தை அழைத்து, பொருத்துவதற்கான 58300, மிரீனா என்ற ஹார்மோன் ஐயூடி என்றால் ஜே7298, இரண்டு பில் கோடுகளுக்கும் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். பேசியவர் பெயரையும் அழைப்பு எண்ணையும் குறித்துவையுங்கள்.